வேலைத்தலமும் விஞ்ஞானமும்: வாளிக்குள் ஏன் புகைக்கிறது?



சென்ற இதழில் கையுறை வகைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தம்பி தொலைபேசி எடுத்து ஒரு கேள்வி கேட்டார். பைபர்கிளாஸில் பாகங்கள் வார்க்கும் ஒரு பட்டறையில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

"அண்ணை, அதே பிசின், அதே ஹேர்ற்றர், அதே வாளி. ஒரு நாள் அரை மணித்தியாலம் ஆறுதலாகப் பூசலாம். இன்னொரு நாள் பத்து நிமிசத்திலை வாளிக்குள்ளை கல்லாகிப் புகைக்குது. மைஸ்ரர் என்னைத்தான் ஏசுறார். ஏன் இப்பிடி நடக்குது?"

நானும் இதே வகை வேலைதான் செய்கிறேன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். ஆனால் இதற்கான மறுமொழி அந்தச் சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருந்தது. "தாக்க வீதத்தைப் பாதிக்கும் காரணிகள்" என்று ஒரு பாடம். வெப்பநிலை, செறிவு, மேற்பரப்பளவு, ஊக்கி என்று வரிசையாகப் பாடமாக்கி, பரீட்சையில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் மறந்துவிட்ட பாடம். பேக்கரி, சலவைச்சாலை, பெயின்ற் பட்டறை, துப்புரவு வேலை என்று எம்மவர் இங்கே செய்யும் வேலைகளில் கண்ணையும் கையையும் காப்பது அந்தப் பாடந்தான். ஆகவே இம்மாதம் அதை மறுபடி ஒருமுறை படிப்போம்.

முட்டினால்தான் தாக்கம்

ஓர் ஆணி துருப்பிடிக்க வாரக்கணக்கு எடுக்கிறது. ஒரு சீனவெடி கண்மூடித் திறப்பதற்குள் வெடித்து முடிகிறது. இரண்டும் இரசாயனத் தாக்கங்கள்தான். வேகந்தான் வேறு.

எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளால் ஆனது. இரண்டு பொருட்கள் தாக்கமுற வேண்டுமானால் அவற்றின் துணிக்கைகள் ஒன்றோடொன்று முட்ட வேண்டும். வெறுமனே முட்டினாலும் போதாது. இறுகிப்போன கதவை மெல்லத் தட்டினால் திறக்காது; தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். அதுபோல ஒரு குறிப்பிட்ட அளவு சக்தியோடு முட்டினால்தான் பழைய பிணைப்பு உடைந்து புதியது உண்டாகும். அந்தக் குறைந்த அளவு சக்தியைத்தான் ஏவற்சக்தி என்று படித்தோம்.

ஆகவே ஒரு தாக்கத்தை விரைவாக்க வழி மூன்றுதான். அடிக்கடி முட்டச் செய்யலாம். பலமாக முட்டச் செய்யலாம். அல்லது கதவை இலகுவாகத் திறக்கச் செய்யலாம். இனிச் சொல்லப்போகும் காரணிகள் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

முதலாவது: வெப்பநிலை

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் பெண்கள் எல்லோரும் கண்ட சங்கதி ஒன்று உண்டு. தோசைமா புளிக்காது. ஊரில் இரவு கரைத்து வைத்தால் விடிய வாளி நிறையப் பொங்கி நிற்கும் மா, இங்கே மறுநாள் பின்னேரமும் வைத்தபடியே கிடக்கும். பிறகு யாராவது சொல்லிக் கொடுப்பார்கள், ஹைற்சுங்குக்குப் பக்கத்தில் வையுங்கோ என்று. வைத்தால் பொங்கும். மா அதேதான், உழுந்தும் அதேதான். வெப்பநிலைதான் மாறியது. மாவுக்குள் வேலை செய்யும் நுண்ணுயிர்களும் இரசாயனத் தாக்கங்களால்தான் வாழ்கின்றன.

வெப்பம் கூடினால் துணிக்கைகள் விரைவாக ஓடும். அடிக்கடி முட்டும் என்பது ஒரு சிறு பங்கு. பெரும் பங்கு என்னவென்றால், ஏவற்சக்தியைத் தாண்டக்கூடிய பலத்தோடு முட்டும் துணிக்கைகளின் தொகை மளமளவென்று கூடும். இதைக் கணக்காக எழுதி வைத்தவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அரேனியஸ், 1889ஆம் ஆண்டில்.

வேலைத்தலத்துக்குப் போதுமான ஒரு கைக்கணக்கு இருக்கிறது. பல தாக்கங்களில் வெப்பநிலை 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். எல்லாத் தாக்கத்துக்கும் இது பொருந்தாது, ஆனாலும் மனதில் வைத்திருக்க நல்ல கணக்கு. 15 பாகையில் இருந்து 25 பாகைக்குப் போனால் இரண்டு மடங்கு. 35 பாகைக்குப் போனால் நான்கு மடங்கு. குளிர்காலத்தில் அரை மணித்தியாலம் எடுத்த வேலைக்குக் கோடையில் ஏன் பத்து நிமிடங்கூடக் கிடைப்பதில்லை என்பது இப்போது விளங்கும்.

இதே கணக்கை மறுபக்கம் திருப்பினால் அதுதான் குளிர்சாதனப் பெட்டி. பழுதாகும் வேகத்தை அது குறைக்கிறது, நிறுத்துவதில்லை. பெட்டிக்குள் வைத்த இறைச்சிக் கறி பழுதாகாது என்று ஒரு கிழமை வைத்திருக்கிற வீடுகள் உண்டு. 5 பாகையிலும் தாக்கம் நடந்துகொண்டுதான் இருக்கும். இரவு ஷிவ்ற்றுக்குப் போகும் அவசரத்தில் கறிச்சட்டியை விடியும்வரை அடுப்பிலேயே விடாமல், ஆறியவுடன், இரண்டு மணித்தியாலத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்து உள்ளே வையுங்கள்.

இரண்டாவது: செறிவு

ஒரு மண்டபத்தில் இருபது பேர் நடமாடினால் ஆளோடு ஆள் முட்டுவது குறைவு. அதே மண்டபத்துக்குள் இருநூறு பேரை விட்டால் முட்டாமல் நடக்க முடியாது. செறிவு என்பது அவ்வளவுதான். ஒரே இடத்துக்குள் துணிக்கைகள் கூடினால் முட்டல் கூடும், தாக்கமும் விரைவாகும். வாயுக்களை அழுத்தினாலும் இதே விளைவுதான், ஏனெனில் அழுத்தும்போது அவை நெருங்கி வருகின்றன.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜேர்மன் கடைகளில் வினாகிரி வைத்திருக்கும் தட்டிலேயே "எசிக்-எசென்ஸ்" என்று ஒரு போத்தல் இருக்கும். நிறமில்லாதது, வாசமும் வினாகிரி வாசந்தான். ஆனால் சாதாரண வினாகிரியில் அமிலம் நூற்றுக்கு 5 அளவில். இதில் நூற்றுக்கு 25. ஐந்து மடங்கு. தண்ணீர் கலந்து பாவிப்பதற்காக விற்கப்படுவது. ஊறுகாய்க்கும் சலாட்டுக்கும் அப்படியே ஊற்றினால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. ஒரே அமிலந்தான், செறிவு மாறினால் ஒன்று உணவு, மற்றது ஆபத்து.

துப்புரவு வேலை செய்வோருக்கும் இதே பாடந்தான். வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்று போத்தலில் போட்டிருந்தால் ஒரு மூடிதான். மூன்று மூடி விட்டால் அழுக்கு கெதியில் போகும் என்பது உண்மையாக இருக்கலாம். கைத்தோலும் அதே கெதியில் போகும். செறிந்த அமிலத்தைக் கலக்க நேர்ந்தால் முதலில் தண்ணீர், பிறகு அமிலம் சிறிது சிறிதாக. அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே வெப்பம் எழுந்து கொதித்து முகத்தில் தெறிக்கும்.

மூன்றாவது: மேற்பரப்பளவு

பெரிய வேப்பங்குற்றியை நெருப்புக்குச்சியால் பற்றவைக்க முடியாது. அதே குற்றியைச் சிராயாகச் சீவினால் ஒரு குச்சி போதும். குற்றியாக இருந்தபோது வெளித்தோல் மட்டுந்தான் காற்றிலுள்ள ஒட்சிசனைத் தொட்டது. சிராயாக்கியபோது உள்ளே இருந்த மரமெல்லாம் வெளியே வந்துவிட்டது. தொடும் இடம் கூடினால் முட்டல் கூடும்.

சிராயை இன்னும் அரைத்துத் தூளாக்கிக் காற்றில் பறக்கவிட்டால் என்ன நடக்கும்? எரியாது, வெடிக்கும். கோதுமை மா, சீனி, மரத்தூள், அலுமினியத் தூள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 1979ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி பிரேமன் நகரத் துறைமுகத்தில் இருந்த ரோலண்ட் மா ஆலையில் மாத்தூசி வெடித்தது. 14 பேர் இறந்தார்கள், 17 பேர் காயப்பட்டார்கள். நாங்கள் பாண் வாங்கிச் சாப்பிடும் அதே மாதான்.

பேக்கரியில் வேலை செய்யும் எம்மவர் பலர். மாத்தூசி தட்டிலும் குழாயின் மேலும் படிந்திருந்தால் அதைக் காற்றடித்து ஊதிக் கலைக்காதீர்கள். ஊதினால் படுத்துக்கிடந்த தூசியைக் காற்றோடு கலந்து கொடுக்கிறோம். ஒரு பொறி மட்டுந்தான் பாக்கி. அதற்கென உள்ள உறிஞ்சி இயந்திரத்தால் எடுக்க வேண்டும். மரமோ அலுமினியமோ உராய்ஞ்சும் பட்டறைகளிலும் இதே முறைதான்.

நான்காவது: ஊக்கி

சில பொருட்கள் தாக்கத்தை விரைவாக்கும், ஆனால் முடிவில் தாம் செலவாகாமல் மிஞ்சும். இவையே ஊக்கிகள். கதவைத் தள்ள மற்றவர்களுக்கு மேலதிக பலம் கொடுப்பதில்லை. பக்கத்தில் இலகுவான வேறொரு கதவைத் திறந்துவிடுகின்றன. அதாவது ஏவற்சக்தி குறைந்த ஒரு பாதை.

1823ஆம் ஆண்டில் இந்த நாட்டின் யேனா நகரத்தில் டோபரைனர் என்ற பேராசிரியர், பஞ்சு போன்ற பிளாற்றினத்தின் மேல் ஐதரசன் வாயுவை ஊதவிட்டார். நெருப்புக்குச்சி எதுவும் இல்லாமல் வாயு தானாகப் பற்றியது. அதை வைத்தே ஒரு தீமூட்டி செய்தார்கள். பிற்பாடு லைப்சிக் நகரத்தில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஒஸ்வால்ட், ஊக்கிகள் பற்றிய ஆய்வு முதலிய பணிகளுக்காக 1909இல் நொபெல் பரிசு பெற்றார். இன்று தெருவில் ஓடும் பெற்றோல் கார்களின் புகைக்குழாயிலும் பிளாற்றினம், பலேடியம், றோடியம் பூசிய ஊக்கி இருந்து நச்சுப் புகையை மாற்றிக்கொண்டிருக்கிறது.

எங்கள் உடம்புக்குள்ளும் ஊக்கிகள் உண்டு. நொதியங்கள் என்று படித்தோம். ஒரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்காமல் நன்றாகச் சப்பிக்கொண்டிருங்கள், சற்று நேரத்தில் இனிக்கும். உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளைச் சீனியாக உடைக்கிறது. துணி தோய்க்கும் தூளிலும் நொதியங்கள் போடுகிறார்கள். அவை 40 பாகை அளவில் நன்றாக வேலை செய்யும். நன்றாகக் கொதிக்க வைத்தால் அழிந்துபோகும். சூடு கூடினால் எல்லாம் விரைவாகும் என்பதற்கு இது ஒரு விலக்கு.

இனிப் பட்டறைக்கு வருவோம்

பைபர்கிளாஸ் பிசினோடு நாங்கள் கலக்கும் ஹேர்ற்றரைச் சிலர் கற்றலிஸ்ற், அதாவது ஊக்கி என்று சொல்வார்கள். பாடப்புத்தகக் கணக்கில் அது சரியல்ல. அது ஒரு பரவொட்சைட்டு. தான் உடைந்து தாக்கத்தைத் தொடக்கிவைத்துவிட்டுச் செலவாகிப் போகும். தொடக்கி என்பதே பொருத்தம். பிசினுக்குள் ஏற்கனவே சிறிதளவு கலந்து வரும் கோபாற்று உப்புத்தான் அந்தப் பரவொட்சைட்டை அறை வெப்பநிலையிலேயே உடையச் செய்கிறது.

கோபாற்றைத் தனியாக, ஊதா நிறத் திரவமாகப் போத்தலில் வைத்திருக்கும் பட்டறைகளும் உண்டு. அங்கே வேலை செய்வோர் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைக்கலாம்: பரவொட்சைட்டையும் கோபாற்றையும் ஒருபோதும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கும். ஒன்றைப் பிசினுக்குள் நன்றாகக் கலக்கி முடித்த பின்தான் மற்றதை விட வேண்டும். ஒரே அளவுக் கிண்ணத்தை இரண்டுக்கும் பாவிக்கவும் கூடாது. சிந்திய பரவொட்சைட்டை மரத்தூளாலோ பழந்துணியாலோ துடைத்துக் குப்பையில் போட்டால் அது பின்னர் தானாகப் பற்றலாம். துருவும் செம்பும் பித்தளையும் அதற்கு ஆகாது.

இப்போது தம்பியின் வாளிக்கு மறுமொழி. மூன்று இடத்தில் வித்தியாசம் வந்திருக்கும்.

ஒன்று, வெப்பநிலை. பிசின் குளிரான களஞ்சியத்திலிருந்து வந்ததா, வெயில் பட்ட யன்னலோரம் நின்றதா என்று பாருங்கள்.

இரண்டு, ஹேர்ற்றரின் அளவு. பொதுவாக நூற்றுக்கு 1 முதல் 2 வரை போடுவார்கள். 5 கிலோ பிசினுக்கு நூற்றுக்கு 2 என்றால் 100 கிராம். கண்மட்டத்தில் ஊற்றினால் இது 150 ஆவது பெரிய விடயமல்ல. தராசில் நிறுத்துப் போடுங்கள். உங்கள் பிசினுக்குரிய சரியான அளவு அதன் தாளில் இருக்கும்.

மூன்றாவதுதான் பலர் அறியாதது. ஒரே தடவையில் எவ்வளவு கலந்தீர்கள் என்பது. இந்தத் தாக்கம் நடக்கும்போது வெப்பம் வெளிவரும். மெல்லிய படையாகப் பூசினால் அந்த வெப்பம் காற்றுக்குப் போய்விடும். ஆழமான வாளிக்குள் கிடந்தால் நடுவிலுள்ள வெப்பத்துக்குப் போக வழியில்லை. வெப்பம் தங்கினால் தாக்கம் விரைவாகும். தாக்கம் விரைவானால் இன்னும் வெப்பம் வரும். அது மேலும் விரைவாக்கும். ஒன்றையொன்று துரத்தும் இந்த ஓட்டத்தின் முடிவுதான் புகை. சில வேளை தீ.

ஆகவே பத்து நிமிடத்தில் பூசி முடிக்கக்கூடிய அளவை மட்டும் கலவுங்கள். மூன்று தரம் கலப்பது நேரவிரயம் என்று யாராவது சொன்னால், கல்லாகிப் போன வாளியின் விலையைச் சொல்லுங்கள். மிஞ்சியதை வாளியோடு குப்பைத்தொட்டிக்குள் போடாதீர்கள். தட்டையான உலோகத் தட்டில் பரவி, காற்றோட்டமான, மைஸ்ரர் காட்டும் இடத்தில் ஆறவிடுங்கள். வாளி ஏற்கனவே சூடேறிப் புகைக்கிறதென்றால் அதன்மேல் குனிந்து பார்க்கவும் வேண்டாம், கையில் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவர்களை விலகச் சொல்லி மைஸ்ரரைக் கூப்பிடுங்கள்.

வாளியில் நடப்பது தாங்கியில் நடந்தால்

வெப்பம் தங்கினால் என்ன நடக்கும் என்பதை உலகம் போபாலில் கண்டது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு, அங்கிருந்த யூனியன் கார்பைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையில், ஏறத்தாழ 40 தொன் மெதயில் ஐசோசயனேற்று இருந்த தாங்கிக்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டும் தாக்கமுற்று வெப்பம் எழுந்தது. தாங்கியைக் குளிரவைக்கும் இயந்திரம் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. தாங்கிச் சுவர் அரிபட்டு வந்த இரும்பு ஊக்கியாக நின்று தாக்கத்தை மேலும் விரைவாக்கியது. நச்சு வாயு நித்திரையில் இருந்த சனங்களின் மேல் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கண்ணையும் சுவாசப்பையையும் இழந்து வாழ்ந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

கவனித்தீர்களா? தாங்கி, வெப்பம், ஊக்கி. நாங்கள் பாடமாக்கிய அதே வரிசை. பெரிய தொழிற்சாலைகளில் குளிரூட்டியும் கலக்கியும் அளவுமானியும் வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அவற்றில் ஒன்று வேலை செய்யவில்லை என்று கண்டால், அது எங்கள் வேலை இல்லை என்று பேசாமல் போகக்கூடாது.

வீட்டுக்குள் ஒரு கவனம்

தாக்கத்தின் வேகம் வீட்டில் ஆபத்தாகும் இடம் குளியலறை. குளோரின் கலந்த பிளீச் திரவத்தையும், மலசலகூடம் கழுவும் அமிலம், கல்லுப்படிவு நீக்கி, வினாகிரி போன்றவற்றையும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் உடனேயே குளோரின் வாயு வரும். முதலாம் உலகப் போரில், 1915இல், பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே படையினர் மேல் விடப்பட்ட அதே வாயு. குளியலறை சிறியது, யன்னல் சில வீடுகளில் இல்லவே இல்லை. ஆகவே செறிவு சடுதியாகக் கூடும். ஒன்றைப் பாவித்தால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பின் வேறொரு நாள் மற்றதைப் பாவியுங்கள். மூச்சடைக்கும் மணம் வந்தால் உடனே வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 112க்கு அழையுங்கள். அது கட்டணமில்லாத அவசர எண். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் அதே எண்தான்.

கேட்பது உங்கள் உரிமை

புதிதாக வந்தவர்கள் வேலைத்தலத்தில் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். டொச் வராது. வேலை போய்விடுமோ, விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்ற பயம். விளங்காவிட்டாலும் "யா, யா" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். தாக்கம் நடக்கும் வேகத்துக்கு இந்தத் தலையாட்டல் விளங்காது.

ஆகவே நான்கு விடயங்களை மனதில் வையுங்கள்.

1. ஆபத்தான பொருளோடு வேலை செய்யும் இடத்தில் "பெட்றீப்ஸ்-அன்வைசுங்" என்ற எழுத்து அறிவுறுத்தல் இருக்க வேண்டும். ஆபத்தான பொருட்கள் பற்றிய ஜேர்மன் ஒழுங்குவிதியின் 14ஆம் பிரிவின்படி அது வேலை செய்பவருக்கு விளங்கும் வடிவிலும் மொழியிலும் இருக்க வேண்டும். வேலை தொடங்கு முன்னரும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் வாயால் விளக்கம் தரவும் வேண்டும். விளங்காவிட்டால் "இஷ் ஃபெர்ஸ்ரேஹ நிஷ்ற்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

2. போத்தலிலுள்ள சிவப்புக் கரை போட்ட சாய்சதுரப் படங்களைப் படிக்க டொச் தேவையில்லை. தீச்சுவாலை என்றால் எரியும். வட்டத்தின் மேல் தீச்சுவாலை என்றால் மற்றப் பொருட்கள் எரிவதை அது கூட்டும். கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டும் படம் என்றால் அரிக்கும்.

3. பரவொட்சைட்டோ அமிலமோ கண்ணில் தெறித்தால் யாரையும் தேடி ஓட வேண்டாம். அந்தக் கணமே கண்ணைத் திறந்து பிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். மற்றவர் வைத்தியருக்கு அழைக்கட்டும். இங்கேயும் வேகந்தான் கண்ணைக் காக்கும். கண்ணாடி போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை.

4. சிறு காயமானாலும் வேலைத்தல முதலுதவிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வைத்தியரிடம் போனால் வேலையில் நடந்த விபத்து என்று சொல்லுங்கள். நாளைக்கு அந்தக் கண்ணோ கையோ தொல்லை தந்தால் காப்புறுதிக்கு அந்த எழுத்துத்தான் சாட்சி. உடனடியான பாரிய ஆபத்து என்றால் அவ்விடத்தை விட்டு விலகுவதற்கும் தொழிற்பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக உங்களுக்குப் பாதகம் செய்ய முடியாது.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

மருந்துக்கடையிலோ பலசரக்குக் கடையிலோ தண்ணீரில் போட்டால் நுரைக்கும் விற்றமின் குளிகை மலிவாகக் கிடைக்கும். ஒரே அளவான மூன்று கிளாஸ் எடுங்கள். முதலாவதில் குளிர்ந்த தண்ணீரும் முழுக் குளிகையும். இரண்டாவதில் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரும் முழுக் குளிகையும். மூன்றாவதில் குளிர்ந்த தண்ணீரும் தூளாக்கிய குளிகையும். மூன்றையும் ஒன்றாகப் போட்டு, எது எத்தனை விநாடியில் கரைந்து முடிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால் வெப்பநிலை விளங்கும். முதலாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால் மேற்பரப்பளவு விளங்கும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் விஞ்ஞானத்தின் முதற்பாடம். போத்தலுக்குள் போட்டு மூடியை இறுக்கிவிட வேண்டாம்; வாயு நிறைந்து வெடிக்கும்.

பிள்ளைகள் இதை இங்கே பள்ளிக்கூடத்தில் டொச்சில் படிக்கிறார்கள். நாங்கள் தமிழில் படித்தோம். மேசையில் மூன்று கிளாசை வைத்துக்கொண்டு இருவரும் கதைத்தால், அவர்கள் எங்களுக்கு டொச் சொல்லும் சொல்லித் தருவார்கள், நாங்கள் அவர்களுக்குத் தமிழ்ச் சொல்லும் சொல்லிக் கொடுக்கலாம். அடுத்த நாள் வேலைத்தலத்தில் அந்தச் சொல் உதவும்.

அடுத்த இதழில் பெயின்ற் பட்டறைகளில் பாவிக்கும் முகமூடிகளைப் பற்றியும், எந்த வடிகட்டி எந்தப் புகைக்கு என்பது பற்றியும் எழுதுகிறேன். உங்கள் வேலைத்தலத்தில் பாவிக்கும் பொருட்கள் பற்றிய கேள்விகளைச் சஞ்சிகை முகவரிக்கு எழுதுங்கள். போத்தலிலுள்ள பெயரைப் பிழையில்லாமல் பார்த்து எழுதினால் மறுமொழி சொல்ல இலகுவாக இருக்கும்.

மீண்டும் சந்திப்போம்.